வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார்களாமே!

அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன் போனில் பேசுகிறான். "இந்த சனிக்கிழமை ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் நம்ம வீட்டுக்கு வர்றாங்கம்மா. சேர்ந்து பீர் காய்ச்சப் போறோம்!"

'காய்ச்சுவது' என்ற வார்த்தையைக் கேட்டதுமே நம் ஊர் அம்மாக்களுக்கு அடிவயிறு கலங்கிவிடும். ஊறல் பானை, போலீஸ் ரெய்டு, விஷச் சாராயம் எல்லாம் கண்முன் வந்து போகும். அப்பாவோ, "அங்கே இதெல்லாம் சகஜம், விடு" என்பார்.

அம்மாவின் பயமும் சரியில்லை, அப்பாவின் அலட்சியமும் சரியில்லை. அங்கே இது சட்டம் அனுமதிக்கும் ஒரு பொழுதுபோக்கு. ஆபத்துகளும் உண்டு. ஆனால், நாம் நினைக்கும் இடத்தில் அல்ல!

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பிறகும் வீட்டில் பீர் தயாரிக்க அனுமதி கிடைக்கவில்லை. 1978-ல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதற்கு வழிவிட்டது. வயது வந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் வருடத்துக்கு 100 காலன், அதாவது சுமார் 378 லிட்டர் வரை தயாரிக்கலாம். இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். ஆனால், விற்கக்கூடாது. மாநிலங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு என்பதால், மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-ல்தான் இதை அனுமதித்தன.

சார்லி பாபாசியன் என்பவர் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் இதற்கு வகுப்பே நடத்தினார். 1978-ல் நண்பரோடு சேர்ந்து சங்கமும் தொடங்கினார். அவர் 1984-ல் வெளியிட்ட புத்தகம் இந்தப் பொழுதுபோக்கை ஏராளமான வீடுகளுக்குக் கொண்டுபோனது.

வடாம் போடுவது மாதிரிதான்!

நம் வீடுகளில் கோடையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் மொட்டை மாடியில் கூடி வடாம் பிழிவார்களே, கிட்டத்தட்ட அதே கதைதான். ஒருவர் கிளற, ஒருவர் கழுவ, ஒருவர் நேரம் பார்க்க, மீதிப் பேர் அரட்டை!

தேவை நான்கே பொருட்கள். தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி, கசப்பும் வாசனையும் தரும் 'ஹாப்ஸ்' என்ற பூ, ஈஸ்ட். பார்லியின் இனிப்புச் சாறோடு ஹாப்ஸ் சேர்த்து சுமார் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, சீக்கிரமாக ஆறவைத்து, ஈஸ்ட் கலந்து மூடுகிறார்கள். உள்ளிருக்கும் வாயு வெளியேற வேண்டும், வெளிக்காற்று உள்ளே போகக்கூடாது. அதற்குத் தனி அடைப்பான் உண்டு. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். இதற்கு ஒன்றிரண்டு வாரம். பிறகு பாட்டிலில் அடைத்து இன்னும் இரண்டு வாரம்.

ஆக, இன்று காய்ச்சியதைக் குடிக்க ஏறக்குறைய ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். கூடுகிற நாளின் சந்தோஷம் செய்வதில்தான், குடிப்பதில் இல்லை. இது நல்ல விஷயம். ஏனென்றால், அன்றைய பெரிய ஆபத்தே 20 லிட்டர் கொதிக்கும் பாத்திரம்தான். பால் பொங்குவது போல அது சட்டென்று பொங்கி வழியும். கடையில் வாங்கிய பீரைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பருகே நிற்பது தீக்காயத்தை விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம். 'காய்ச்சும் நாளில் யாரும் குடிப்பதில்லை' என்று நண்பர்கள் முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

விஷமாகி விடாதா?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலியானதற்குக் காரணம், சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால் என்ற தொழிற்சாலை ரசாயனம். பார்லியை ஈஸ்ட் புளிக்க வைக்கும்போது அந்த அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. ஆனால், பீரை மறுபடி காய்ச்சி வடித்து சாராயமாக்கும் விஷப்பரீட்சை அறவே கூடாது. 1978-ம் வருட அனுமதியில் அது சேராது.

சுத்தம் குறைந்தால் பீர் புளித்து வீணாகும். ஆறிய பிறகு அதில் படும் கரண்டி, டியூப், மூடி என எல்லாமே கிருமிநீக்கம் செய்தவையாக இருக்க வேண்டும். பூஞ்சை தெரிந்தால் 'மேலே மட்டும்தானே' என்று எடுத்துவிட்டுக் குடிக்காமல் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். பிளீச்சிங் திரவத்தோடு வினிகர் போன்ற அமிலத்தைக் கலக்கவே கூடாது. நுரையீரலைப் பாதிக்கும் குளோரின் வாயு கிளம்பும்!

வெடிக்கும் பாட்டில்

புளிப்பு முடிவதற்குள் அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்தால், உள்ளே வாயு சேர்ந்து கண்ணாடி வெடித்துச் சிதறும். கண்ணே போகலாம். பாலில் தண்ணீர் கலந்திருப்பதைக் காட்டும் லாக்டோமீட்டர் போல, இதற்கு ஹைட்ரோமீட்டர் என்ற மிதவைக் கருவி இருக்கிறது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பார்த்தும் அளவு மாறவில்லை என்றால்தான் புளிப்பு முடிந்ததாக அர்த்தம்.

போதையின் அளவும் இதில்தான் தெரியும். முதல் அளவிலிருந்து கடைசி அளவைக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவிகிதம் கிடைக்கும். 1.050 என்று தொடங்கி 1.010-ல் நின்றால் 5.25 சதவிகிதம்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? 355 மில்லி பாட்டிலில் 5 சதவிகிதம் என்றால் 14 கிராம் ஆல்கஹால். அதுவே 8 சதவிகிதமானால் 22 கிராமைத் தாண்டிவிடும். வீட்டுப் பாட்டிலில் லேபிள் கிடையாது. 'இரண்டு பாட்டில்தானே' என்று நினைத்துக் காரை எடுப்பவர், உண்மையில் மூன்றுக்கும் மேல் குடித்திருப்பார்!

வீட்டில் செய்தால் உடம்புக்கு நல்லதா?

இல்லை. இட்லி மாவும் புளிக்கிறது, பீரும் புளிக்கிறது என்று இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. வீட்டில் செய்தாலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான். மது வகைகள் புற்றுநோயை உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது.

கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். யூரிக் அமிலத்தால் மூட்டுவலி உள்ளவர்களுக்கு வலி கூடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு தடவை காய்ச்சினால் 50 பாட்டில்! அத்தனையும் வீட்டிலேயே அடுக்கி இருந்தால் வாரம் ஒரு நாள் என்பது தினமும் என்று ஆகிவிட வழி இருக்கிறது. வந்த நண்பர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

மகனிடம் கேளுங்கள்

* அளந்து பார்த்துத்தான் பாட்டிலில் அடைக்கிறீர்களா?
* பாட்டில் மேல் சதவிகிதமும் தேதியும் எழுதி ஒட்டுகிறீர்களா?
* வந்தவர்கள் எப்படி வீடு திரும்புகிறார்கள்?
* குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கிறீர்களா?
* வீட்டில் நாய் இருக்கிறதா? ஹாப்ஸ் நாய்க்கு விஷம். சக்கையைக்கூட குப்பைத்தொட்டியில் மூடிப் போட வேண்டும்.

கடைசியாக ஒன்று. மகன் சொன்னதைக் கேட்டு இங்கே யாரும் முயற்சி செய்ய வேண்டாம். தமிழ்நாட்டில் 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். நண்பர்களோடு சேர்ந்து ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றால், மொட்டை மாடியும் வடாம் மாவும் இருக்கவே இருக்கின்றன.