எண்ணெய் தின்னும் நுண்ணுயிரும் எண்ணெய் அள்ளும் கைகளும்

'எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா' என்கிற தொடரை முதலில் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். எழுவாய் இருக்கிறது, வினை இருக்கிறது, செயப்படுபொருளும் இருக்கிறது. எண்ணெயைக் கொட்டியது யார் என்பது மட்டும் இல்லை. இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று படித்திருக்கிறோம். அங்கே வினைமுற்றின் விகுதியாவது ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். இங்கே அந்த விகுதியும் இல்லை. அசுத்தம் ஏதோ தானாக வந்தது போலவும், அதைத் தின்று தீர்க்க ஒரு உயிர் தானாக முன்வந்தது போலவும் கதை நடக்கிறது. உயிரிகளைக் கொண்டு மாசகற்றுதல் என்ற தொழில்நுட்பம் குறித்து எழுதுகிற நம் சூழலியல் நண்பர்கள் பலரும் இந்தக் கதையைச் சந்தேகிக்காமல் திருப்பிச் சொல்கிறார்கள். ரசாயனம் கெட்டது, உயிரி நல்லது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

தின்பது பொய் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கச்சா எண்ணெய் என்பது பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும் கோத்த சங்கிலிகள். எண்ணெய் கடலுக்குப் புதுசும் இல்லை, கடலடியிலிருந்து அது காலங்காலமாகக் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. அதை உணவாக்கிப் பழகிய நுண்ணுயிர்கள் ஏற்கெனவே கடலில் இருக்கின்றன. தங்கள் நொதிகளால் சங்கிலியில் ஆக்ஸிஜனைச் சேர்த்து, கண்ணி கண்ணியாக அறுத்து, ஒரு பகுதியைத் தங்கள் உடம்பாகவும் மீதியைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடுகின்றன. ஆனால் இதற்கு நிபந்தனைகள் உண்டு. கரி மட்டும் போதாது, நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். ஆக்ஸிஜன் வேண்டும். குளிர் அதிகமானால் வேலை மந்தம். நேர்ச் சங்கிலிகள் சீக்கிரம் கரையும், வளையம் வளையமாகப் பிணைந்தவை மெதுவாக. தார் மாதிரியான கடைசிக் கசடை அனேகமாக எதுவும் தொடுவதில்லை. நம்ம வீட்டுப் பிள்ளைகள் தட்டில் ஒதுக்கி வைக்கிற மாதிரிதான்.

இந்த நிபந்தனைகளை மறைத்துவிட்டு ஒரு அதிசயப் பிராணியைப் படைத்துக் காட்டிய கதைதான் ஆனந்த மோகன் சக்ரவர்த்தியுடையது. வங்காளத்தில் 1938ல் பிறந்தவர். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். எண்ணெயின் வெவ்வேறு கூறுகளைச் சிதைக்கும் திறன் வெவ்வேறு சூடோமோனாஸ் வகைகளில், குரோமோசோமுக்கு வெளியே பிளாஸ்மிட் என்ற சிறு வளையங்களில் இருப்பதைக் கண்டு, நான்கு வகைத் திறனை ஒரே பாக்டீரியாவுக்குள் கொண்டுவந்தார். மரபணுவை வெட்டி ஒட்டவில்லை, பாக்டீரியாக்கள் தங்களுக்குள் வழக்கமாகச் செய்துகொள்ளும் பரிமாற்றத்தையே பயன்படுத்தினார். 1972ல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. செய்முறைக்கு உரிமை தருகிறோம், உயிருக்குத் தர மாட்டோம் என்றது அலுவலகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1980 ஜூன் 16ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. மனிதன் செய்த உயிர், இயற்கைப் பொருள் அல்ல, ஆகவே காப்புரிமைக்கு உரியது. உயிரைச் சொத்தாக்கும் சட்டக் கதவு திறந்தது இந்த இடத்தில்தான். பின்னாளில் விதைகள் மீதும் மரபணுக்கள் மீதும் நடந்த எல்லாச் சண்டைகளுக்கும் இந்தத் தீர்ப்பு ஒரு முன்னுரை.

அந்தப் பாக்டீரியா எந்தக் கடலிலும் எண்ணெய்ச் சிதறலைத் தின்னவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆய்வகத்தில் வளர்த்த உயிரைத் திறந்த வெளியில் விடுவதற்கு அனுமதி வாங்குவது ஒரு சிக்கல். விட்டாலும் அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்களோடு போட்டி போட்டுப் பிழைக்குமா என்பது இன்னொரு சிக்கல். சுத்தம் செய்யவே செய்யாத ஒரு சுத்திகரிப்பாளன் உலகச் சட்ட வரலாற்றில் நிரந்தர இடம் பிடித்துவிட்டான். நிஜமாகத் தின்கிற நுண்ணுயிர்களுக்கு எந்த ஆவணத்திலும் பேர் இல்லை. பேர் ஒருத்தருக்கு, பாடு ஒருத்தருக்கு. நமக்கு ரொம்பப் பழக்கமான ஏற்பாடுதான் இல்லியா?

பேரில்லாதவை வேலை செய்த இடம் அலாஸ்கா. 1989 மார்ச் 24ல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி, பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற கடற்பகுதியில் சுமார் நாலு கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கொட்டியது. முதலில் வெந்நீரைப் பெரும் அழுத்தத்தில் கரைமேல் பாய்ச்சிக் கழுவினார்கள். தொலைக்காட்சியில் பார்க்க நன்றாக இருந்தது. பாறையில் ஒட்டி வாழ்ந்த சிற்றுயிர்களும் பாசியும் அந்த வெந்நீரிலேயே வெந்துபோயின. இப்படிக் கழுவிய கரைகள் கழுவாமல் விட்ட கரைகளை விடத் தாமதமாகத்தான் மீண்டன என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லின. அதன் பிறகு வந்தது உயிரிவழி முறை. புதிதாக எந்தப் பாக்டீரியாவையும் கொண்டுபோய் விடவில்லை. அங்கேயே இருந்தவற்றுக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதவில்லை என்பதால் உரம் தெளித்தார்கள். நூறு கிலோமீட்டருக்கும் மேலான கரையில் நடந்தது. இனிபோல் என்ற உரத்தில் சேர்ந்திருந்த ஒரு கரைப்பான், ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியது என்று விலங்குச் சோதனைகளில் அறியப்பட்டது. 'இயற்கை முறை'க்குள்ளும் இப்படி ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

உரம் பலன் தரவில்லை என்று சொல்ல முடியாது. மேற்பரப்பில் சிதைவு வேகமானது. ஆனால் 2001ல் அமெரிக்க அரசு ஆய்வாளர்கள் 91 கரைகளில் ஆயிரக்கணக்கான குழிகள் தோண்டிப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்ட கரைகளில் எண்ணெய் இருந்தது. ஏன் என்பதற்கு 2010ல் ஒரு விளக்கம் வந்தது. அந்தக் கரைகளின் மேலடுக்கில் நீர் சுலபமாக ஓடுகிறது, கீழடுக்கில் ஓடுவதில்லை. அங்கே ஆக்ஸிஜன் போய்ச் சேருவதில்லை. மூச்சுவிட முடியாத இடத்தில் எந்த உயிர் வேலை செய்யும்? இதற்கிடையில் 1994ல் நடுவர் குழு விதித்த 500 கோடி டாலர் தண்டத் தொகையை 2008ல் உச்ச நீதிமன்றம் 50.75 கோடியாகக் குறைத்தது. எண்ணெய் குறைந்ததை விட வேகமாகக் குறைந்தது தண்டம்தான்.

நம்ம ஊருக்கு வருவோம். 2017 ஜனவரி 28 விடியற்காலை எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு ஏதும் இல்லை என்று துறைமுகத்தின் முதல் அறிவிப்பு சொன்னது. சில நாட்களில் எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் கறுப்புக் கூழ் வந்து கட்டியது. கொட்டியது கப்பல் எரிபொருளான கனத்த எண்ணெய். அதாவது நுண்ணுயிர் தட்டில் ஒதுக்கி வைக்கிற வகை அதில் அதிகம். பாறை இடுக்குகளில் இயந்திரம் வேலை செய்யவில்லை என்றார்கள். மனிதர்கள் வாளி வாளியாக அள்ளினார்கள். மீனவர்கள், கூலிக்கு வந்தவர்கள், மாணவர்கள். அந்த வாளிகள் நிறைந்த படங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அள்ளியதைத் துறைமுக வளாகத்துக்குக் கொண்டுபோய்க் குழியில் பரப்பி, இந்தியன் ஆயில் ஆய்வுப் பிரிவின் பாக்டீரியாக் கலவையைச் சேர்த்தார்கள். அறிக்கையில் இது 'உயிரிவழிச் சுத்திகரிப்பு'. கடலிலிருந்து குழி வரைக்கும் அதைக் கொண்டு வந்த உயிரிகள் யார் என்று அந்தச் சொல் சொல்வதில்லை.

சாதியச் சமூகத்தில் சுத்தம் என்பது ஒரு விசித்திரமான சொல்லாடல். அசுத்தம் செய்தவர் சுத்தமானவராகவே இருப்பார். அள்ளியவர்மேல்தான் தீட்டு ஒட்டும். நுண்ணுயிரை இந்த வரிசையின் கடைசியில் சேர்த்திருக்கிறது நவீன மூலதனம். கூலி கேட்காது, சங்கம் வைக்காது, நஷ்ட ஈட்டு வழக்குப் போடாது. இதைவிட லட்சியத் தொழிலாளி கிடைப்பாரா? நான் நுண்ணுயிரோடு சண்டைக்கு நிற்கவில்லை. அதன் பேரைச் சொல்லித் தப்பித்துக்கொள்பவர்களோடுதான் சண்டை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மறுபடியும் எண்ணெய் வந்தது. இந்தமுறை கடலிலிருந்து அல்ல, மணலிப் பக்கத்திலிருந்து. சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு அடித்து வரப்பட்டது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்துக்குள் பரவி, காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம் படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் அப்பியது. அலையாத்தி மரங்களின் தண்டிலும் வேரிலும் கறுப்புக் கோடு. மீனவர்கள் மக்கால் மொண்டு ட்ரம்மில் ஊற்றினார்கள். ஆறு வருஷத்தில் வாளி மக்காகிவிட்டது, வேறு முன்னேற்றம் ஒன்றும் இல்லை.

அலையாத்திச் சேற்றில்தான் அலாஸ்காவின் பாடம் நேரடியாகப் பொருந்துகிறது. இந்தச் சேற்றில் மேலே சில மில்லிமீட்டருக்குக் கீழே ஆக்ஸிஜன் அனேகமாகக் கிடையாது. அதனால்தானே அந்த மரங்கள் மூச்சுவிட வேரை வெளியே நீட்டுகின்றன. உள்ளே இறங்கிய எண்ணெய் தின்னப்படாமல் கிடக்கும். அந்தச் சேற்றுக்குள் கைவிட்டு இறால் தடவிப் பிடிக்கிறவர்கள் எண்ணூரில் இருக்கிறார்கள். அவர்கள் விரல்தான் அங்கே முதல் ஆய்வுக்கருவி.

இன்னொன்று. எண்ணெயையாவது நுண்ணுயிர் உடைத்துவிடும். உலோகத்தை உடைக்க எந்த உயிராலும் முடியாது. ராணிப்பேட்டையில் 1976ல் தொடங்கித் தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவைக் குவித்து வைத்துவிட்டுப் போனது. அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியத்தைச் சில பாக்டீரியாக்கள் நச்சு குறைந்த மூன்று இணைதிறனாக மாற்றும். குரோமியம் அங்கேயேதான் இருக்கும். மண்ணில் மாங்கனீசு ஆக்ஸைடு இருந்தால் மறுபடி ஆறாக மாறவும் கூடும். ஆர்சனிக்கை உறிஞ்சும் ஒரு பெரணிச் செடியை 2001ல் அமெரிக்காவில் கண்டார்கள். உறிஞ்சிய பிறகு அந்த இலையே நச்சுக் கழிவு. அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது, எந்த ஊர் ஓரத்தில், யார் சுமந்துபோய்?

ஆகவே 'உயிரிவழிச் சுத்திகரிப்பு முடிந்தது' என்று ஒரு அறிக்கை வந்தால் அதைக் கட்டுடைக்கப் பெரிய கோட்பாடெல்லாம் தேவையில்லை. எண்ணெயின் எந்தக் கூறு குறைந்தது, எந்தக் கூறு அப்படியே இருக்கிறது, எத்தனை அங்குல ஆழம் வரை மண் எடுத்துப் பார்த்தார்கள், எத்தனை இடத்தில், எத்தனை மாதம் கழித்து, இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று கேட்டால் போதும். அலாஸ்காவில் பன்னிரண்டு வருஷம் கழித்தும் போய்த் தோண்டினார்கள். எண்ணூரில் 2017ன் பன்னிரண்டாம் வருஷம் 2029ல் வருகிறது. எங்கெங்கே தோண்ட வேண்டும் என்று குப்பத்து ஆட்களைக் கேட்டு இப்போதே ஒரு வரைபடம் போட்டு வைத்துக்கொள்ளலாம்.