மாயர்களும் ‘தாரிக்’ போட்டார்கள்!

மாணவர்களே, மாலை வேளையில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைப் பக்கம் போனால், ஏதாவது ஒரு மாமாக் கடை முன் சற்று நின்று பாருங்கள். தே தாரிக் போடுபவரின் ஒரு கை மேலே போகும். இன்னொரு கை கீழே இறங்கும். நடுவில் தேநீர் கயிறுபோல் நீண்டு விழும். நான்கைந்து முறை இப்படி மாற்றி மாற்றி ஊற்றியதும், குவளையின் மேல் ஒரு விரற்கடை உயரத்துக்கு நுரை நிற்கும்.

இதே வேலையைச் செய்யும் ஒரு பெண்ணின் ஓவியம் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மத்திய அமெரிக்காவில் வாழ்ந்த மாயர்கள் கி.பி. 670க்கும் 750க்கும் இடையில் செய்த மண்குவளை அது. அதன் ஓரத்தில் நிற்கும் பெண், கையில் உள்ள பாத்திரத்திலிருந்து தரையில் உள்ள பாத்திரத்துக்கு ஒரு பானத்தை உயரத்திலிருந்து ஊற்றுகிறாள். அது தேநீர் அல்ல, கொக்கோ. மாயர்களின் ‘கொக்கோ தாரிக்’ என்று சொல்லிவிடலாம்!

கடலுக்கு அந்தப் பக்கம் வாழ்ந்த மாயர்களுக்கும் நம் ஊர்த் தேநீர்க் கடைக்காரருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனாலும் இருவர் கையும் ஒரே வித்தையைக் கண்டுபிடித்தது எப்படி? பதில் அறிவியலில் இருக்கிறது.

சீனி இல்லை, பால் இல்லை

மைலோ குடித்துப் பழகிய நமக்கு மாயர்களும் அஸ்டெக்குகளும் குடித்த பானம் முதல் வாயிலேயே அதிர்ச்சி தரும். அதில் பால் கிடையாது. கரும்புச் சீனியும் கிடையாது. இரண்டுமே ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுபோனவை. வறுத்து அரைத்த கொக்கோ விதை, தண்ணீர், மிளகாய், வனிலா, சில வாசனைப் பூக்கள் ஆகியவைதாம் அடிப்படை. சில நேரம் தேன் சேர்த்தார்கள். சிவப்பு நிறம் வேண்டுமென்றால் அன்னாட்டோ விதையைக் கலந்தார்கள். பல வகைகளில் மக்காச்சோள மாவும் உண்டு. நம் கேழ்வரகுக் கூழைப் போலக் கெட்டியாக இருக்கும்.

இதெல்லாம் வெறும் கதையில்லை. 1984ஆம் ஆண்டு குவாத்தமாலாவின் ரியோ அசுல் என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டியபோது, திருகித் திறக்கும் மூடியுள்ள ஒரு மண்ஜாடி கிடைத்தது. ஏறக்குறைய 1,500 ஆண்டுகள் பழையது. ஜாடியின் மேல் ‘ககாவ்’ என்று மாய எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே ஒட்டியிருந்த கறையைச் சாக்லேட் தயாரிக்கும் ஹெர்ஷி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் சோதித்தது. தியோப்ரோமின், காஃபீன் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் அதில் இருந்தன. அந்த வட்டாரத்தில் வளரும் தாவரங்களில் இரண்டும் சேர்ந்திருப்பது கொக்கோவில்தான். எழுத்து சொன்னதை வேதியியல் உறுதிப்படுத்தியது.

அஸ்டெக்குகள் நாட்டில் கொக்கோ விதை பணமாகவும் புழங்கியது. 1545ஆம் ஆண்டின் ஒரு விலைப்பட்டியல்படி பெரிய தக்காளி 1 விதை; அப்போது பறித்த வெண்ணெய்ப்பழம் 3 விதை; நல்ல பெட்டை வான்கோழி 100 விதை. அதாவது, ஒரு குவளைக் கொக்கோ குடித்தவர் காசையே அரைத்துக் குடித்தார்!

நுரை எப்படி வருகிறது?

கொக்கோ விதையின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. கொழுப்பும் தண்ணீரும் சேராது என்பது உங்களுக்குத் தெரியும். அரைத்த கொக்கோவைச் சுடுநீரில் கலக்கி அப்படியே வைத்தால், கொழுப்பு மேலே மிதக்கும். துகள்கள் அடியில் தங்கும். குடிப்பவருக்கு மேலே எண்ணெயும் கீழே மண்டியும் கிடைக்கும்.

உயரத்திலிருந்து ஊற்றும்போது விழும் திரவம் வேகம் பெறுகிறது. அந்த வேகத்தில் கொழுப்பு சிறுசிறு துளிகளாக உடைந்து தண்ணீரில் பரவுகிறது. இப்படி ஒன்றில் ஒன்று கரையாத இரண்டு திரவங்கள் துளிகளாகக் கலந்து நிற்பதைப் பால்மம் என்கிறோம். நாம் குடிக்கும் பாலும் ஒரு பால்மம்தான்.

அதே நேரத்தில் திரவம் காற்றையும் உள்ளே இழுத்துச் செல்கிறது. அந்தக் காற்றுக் குமிழ்களே நுரை. ஆனால் வெறும் தண்ணீரை எவ்வளவு ‘தாரிக்’ செய்தாலும் நுரை நிற்காது. குமிழின் சுவரைப் பிடித்து நிறுத்த ஆள் வேண்டும். அந்த ஆள் புரதம். புரத மூலக்கூறின் ஒரு பகுதி தண்ணீரை விரும்பும். இன்னொரு பகுதி தண்ணீரைக் கண்டால் விலகும். அதனால் அது காற்றும் நீரும் சந்திக்கும் எல்லையில் போய் நின்று குமிழுக்குத் தோலாகிறது. தே தாரிக்கில் இந்த வேலையைப் பால் புரதம் செய்கிறது. கொக்கோவிலும் புரதம் உண்டு.

கொக்கோவில் ஒரு சிக்கலும் உண்டு. கொழுப்பு நுரைக்கு எதிரி. குமிழின் தோலில் பரவி அதை உடைத்துவிடும். இங்கேதான் மக்காச்சோள மாவு உதவுகிறது. மாவைச் சூடாக்கினால் அதிலுள்ள ஸ்டார்ச் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது, பானம் கெட்டியாகிறது. கெட்டியான திரவம் குமிழ்களுக்கு இடையிலிருந்து மெதுவாகத்தான் வடியும். நுரை நீண்ட நேரம் நிற்கும்.

அஸ்டெக்குகளின் வாழ்க்கையைப் பதிவு செய்த பெர்னார்டினோ டி சஹகூன் என்ற ஸ்பானியத் துறவியின் நூலிலும், நல்ல கொக்கோ பானத்தின் அடையாளமாக நுரை பேசப்படுகிறது.

காரம் ஏன் பின்னால் வருகிறது?

மிளகாய் போட்ட கொக்கோவைக் குடித்தால் முதலில் கசப்பும் வாசனையும் தெரியும். காரம் சற்றுப் பொறுத்துத்தான் தொண்டையில் ஏறும். ஏன்?

மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற வேதிப்பொருள். அது தண்ணீரில் சரியாகக் கரையாது. கொழுப்பில் நன்றாகக் கரையும். கொக்கோ பானத்தில் அது கொழுப்புத் துளிகளுக்குள் புகுந்துகொள்கிறது. அங்கிருந்து வெளிவந்து நாக்கைத் தொடக் கொஞ்ச நேரம் ஆகிறது. காரமாகச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தால் எரிச்சல் அடங்காததற்கும், பாலோ மோரோ குடித்தால் அடங்குவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

காரம் ஒரு சுவையே அல்ல என்பது இன்னொரு வியப்பு. நம் நரம்புகளில் சூட்டை உணரும் ஓர் ஏற்பி இருக்கிறது. 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் அது மூளைக்குச் செய்தி அனுப்பும். கேப்சைசின் அதே ஏற்பியைத் தட்டி எழுப்பிவிடுகிறது. ஆறிப்போன பானத்தைக் குடித்தாலும் ‘சுடுகிறது’ என்று மூளை நினைக்கிறது. இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எது நம்முடையது?

இப்போது ஒரு கேள்வி. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் உள்ள ஒரு மளிகைக் கடைக்குள் நுழைகிறீர்கள். மிளகாய், மிளகு, பட்டை, ஏலக்காய், கிராம்பு எல்லாம் இருக்கின்றன. இவற்றில் மாயர்களுக்குத் தெரிந்தது எது?

மிளகாய் மட்டும்தான். அது நம் ஊர்ச் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது. போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகைத்தான் நம்பினார்கள். மிளகைப் போல் காரமான காய் வந்ததும் ‘மிளகாய்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் கப்பல் போனது. மெக்சிகோவின் வாசனைப் பூக்கள் கிடைக்காத இடங்களில், ஸ்பானியர்கள் ஆசியாவின் பட்டையையும் மிளகையும் கொக்கோவில் போட்டார்கள். இன்று மெக்சிகோவில் பட்டை இல்லாத சூடான சாக்லேட்டைக் காண்பது அரிது. அதற்காக இலங்கைப் பட்டையை அதிகமாக வாங்கும் நாடுகளில் மெக்சிகோ முன்னணியில் நிற்கிறது. நம் குழம்பில் அவர்கள் மிளகாய். அவர்கள் குவளையில் நம் பட்டை!

செய்து பாருங்கள்

தேவையானவை: சீனி சேர்க்காத கொக்கோ பொடி 2 தேக்கரண்டி, தண்ணீர் 200 மில்லிலிட்டர், சோள மாவு அரைத் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை, பட்டை ஒரு சிறு துண்டு, குலா மெலாக்கா ஒரு தேக்கரண்டி.

1. கொக்கோ பொடியில் இரண்டு தேக்கரண்டி சுடுநீர் மட்டும் விட்டுப் பசைபோல் குழையுங்கள். முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றினால் பொடி கட்டிகட்டியாக மிதக்கும். பொடியிலுள்ள கொழுப்பு தண்ணீரை ஒட்டவிடாததே காரணம்.

2. சோள மாவைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கரையுங்கள். மீதித் தண்ணீரைப் பட்டையுடன் கொதிக்கவிட்டு, மாவுக் கரைசலையும் கொக்கோப் பசையையும் சேர்த்து, சற்றுக் கெட்டியாகும் வரை கிளறுங்கள்.

3. குலா மெலாக்காவும் மிளகாய்த்தூளும் சேர்த்து அடுப்பை அணையுங்கள். பட்டையை எடுத்துவிடுங்கள்.

4. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். பிறகு பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே பிடித்து, இரண்டு குவளைகளுக்கு இடையே ஒரு சாண் உயரத்தில் 10 முறை மாற்றி ஊற்றுங்கள்.

இதை ஒரு சோதனையாகவும் மாற்றலாம். மூன்று குவளைகள் தயாரியுங்கள். முதலாவதை இழுக்காமல் கரண்டியால் கலக்குங்கள். இரண்டாவதைச் சோள மாவு இல்லாமல் இழுங்கள். மூன்றாவதைச் சோள மாவுடன் இழுங்கள். நுரையின் உயரத்தை அடிக்கோலால் அளந்து, எத்தனை நிமிடத்தில் அது பாதியாகக் குறைகிறது என்று கைப்பேசியில் நேரம் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு, ஒரே சூடு, ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். எது மாறும் மாறி, எது மாறா மாறி என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை: கொதிக்கும் பானத்தை ஒருபோதும் இழுக்க வேண்டாம். அடுப்பருகே பெரியவர் ஒருவர் இருக்கட்டும். மீதியை நாய்க்கு ஊற்றாதீர்கள். நாயின் உடல் தியோப்ரோமினை மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். அது நாய்க்கு நஞ்சு.

பொடி இருக்கிறது, மரம் எங்கே?

நீங்கள் வாங்கிய கொக்கோ பொடி கிள்ளான் துறைமுகத்திலோ ஜொகூரிலோ உள்ள ஒரு தொழிற்சாலையில் அரைக்கப்பட்டதாக இருக்கலாம். ஆசியாவில் அதிகமாகக் கொக்கோ அரைக்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. 2023ஆம் ஆண்டு 3 லட்சம் டன்னுக்கு மேல் அரைத்தோம். ஆனால் அந்த விதைகளில் மிகப் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கப்பலில் வருகின்றன. நம் மண்ணில் விளைவது இப்போது ஆண்டுக்கு 1,000 டன்னுக்கும் கீழ்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1778ஆம் ஆண்டிலேயே மலாக்காவில் கொக்கோ நடப்பட்டது. 1990ஆம் ஆண்டு மலேசியாவின் விளைச்சல் ஏறக்குறைய 2 லட்சத்து 47 ஆயிரம் டன். பேராக், சிலாங்கூர் கடலோரத் தென்னந்தோட்டங்களில், தென்னை நிழலில் கொக்கோ ஊடுபயிராக நின்றது. காயைத் துளைக்கும் ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு விளைச்சலைக் கெடுத்தது. விலையும் சரிந்தது. செம்பனை நல்ல வருமானம் தந்தது. விவசாயிகள் மாறிக்கொண்டார்கள்.

2024ஆம் ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவில் கெட்ட வானிலையும் நோயும் விளைச்சலைத் தாக்கியபோது, உலகச் சந்தையில் கொக்கோ விலை டன்னுக்கு 12,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. விதைக்கு வெளிநாட்டை நம்பும் ஆலைகளுக்கு அது பெரிய சோதனை.

மரம் போனால் கூடவே ஓர் அறிவும் போய்விடும். பச்சைக் கொக்கோ விதைக்குச் சாக்லேட் வாசமே கிடையாது. காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு விதைகளைக் குவித்து, ஐந்தாறு நாள் புளிக்கவிட வேண்டும். இட்லி மாவு புளிப்பதைப் போல இங்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. முதலில் ஈஸ்ட் சதையின் சர்க்கரையைச் சாராயமாக்கும். பிறகு ஒரு வகை பாக்டீரியா அதைக் காடியாக்கும். குவியல் 45 டிகிரிக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் விதை செத்து, அதற்குள் நடக்கும் மாற்றங்கள்தாம், வறுக்கும்போது கிளம்பும் வாசத்துக்கு வித்து. எப்போது கிளற வேண்டும், எப்போது காயப்போட வேண்டும் என்பதை மூக்கும் கையும் சொல்லும்.

உங்கள் தாத்தாவோ பாட்டியோ கடலோரத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்றால், இந்த வாரம் ஒரு குவளைக் கொக்கோவை இழுத்து அவர் கையில் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். கொக்கோக் காயை எப்படி உடைப்பார்கள், அந்த வெள்ளைச் சதை என்ன சுவை என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் சொல்வதை உங்கள் சோதனைக் குறிப்பேட்டிலேயே எழுதி வையுங்கள்.