வால்வின் இனிமையும் செவியின் அமானிதமும்

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் 'குழாய்' என்றால், கல்யாண வீட்டில் மரத்தின் உச்சியில் கட்டும் ஒலிபெருக்கி என்றே பெரியவர்கள் பொருள் கொள்வார்கள். ஆகவே, வளைகுடாவில் பணியாற்றும் மகன் விடுமுறையில் வந்து, "ஹெட்போனுக்கு ஒரு டியூப் ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறேன், அத்தா" என்றால் அத்தா திகைப்பது இயல்பே. காதோடு ஒட்டிக் கேட்கும் கருவிக்குக் குழாய் எதற்கு? அதுவும் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து?

மகன் சொல்லும் டியூப் வேறொன்றுமன்று. நம் முந்தைய தலைமுறை 'வால்வு' என்று அழைத்த அதே கண்ணாடிக் குமிழ்தான். 1904இல் ஆங்கிலேயரான ஃபிளெமிங் இதன் முதல் வடிவத்தைக் கண்டார். 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் அதற்குள் மூன்றாவது உறுப்பு ஒன்றைச் சேர்த்தார். பின்னாளில் ஒலியைப் பெருக்கும் கலை அதிலிருந்தே வளர்ந்தது. 1947இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் வால்வு மெல்ல மெல்ல ஒதுங்கியது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த வால்வுகள் ஒரு காலத்தில் நம் நாட்டு ரேடியோக்களில் எரிந்தன. இன்று அவை பரண்களில் உறங்குகின்றன. ஒதுங்கிய பொருளுக்கு மீண்டும் மவுசு வந்தது எப்படி என்பதே வியப்பு.

அதன் வேலை எளிது. காற்றகற்றிய கண்ணாடிக்குள் ஓர் இழை சூடேறுகிறது. அவ்வெப்பத்தால் கிளம்பும் எலெக்ட்ரான்கள், உயர்ந்த மின்னழுத்தம் தரப்பட்ட தகட்டை நோக்கி ஓடுகின்றன. நடுவே ஒரு கம்பி வலை. கண்மாய் மடையில் பலகையைச் சற்றே ஏற்றி இறக்கினால் பெருநீரோட்டம் கூடிக் குறைவது போல, வலைக்கு வரும் மெல்லிய மின்துடிப்பு பெரிய ஓட்டத்தை ஆட்டுவிக்கிறது. ஆனால் அந்த ஆட்டம் முற்றிலும் நேரானதன்று. மூல ஒலியோடு, அதற்கு ஒரு ஸ்தாயி மேலுள்ள ஒலியும் சிறிதளவு கலந்து வருகிறது. செவி இந்தக் கலப்பை வெறுப்பதில்லை. இனிமை என்றும் கதகதப்பு என்றும் கொள்கிறது. ஆக, வால்வு தருவது கூடுதல் உண்மையன்று, கூடுதல் சாயம். வாங்க விரும்பும் பிள்ளைகள் முதலில் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். சாயம் பிடித்திருக்கிறது என்று சொல்லி வாங்குவது நேர்மை. துல்லியத்துக்காக வாங்குகிறேன் என்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது.

கணக்கையும் பார்ப்போம். ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 2003இல் வெளியிட்ட எச்.டி.650 என்னும் ஹெட்போன் 300 ஓம் கொண்டது. 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் ஒலிக்கும். அதற்கு ஆகும் மின்திறன் மூன்று மில்லிவாட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இத்தகைய கருவிகளில் பயன்படும் 6080 என்னும் வால்வின் இழை மட்டுமே, ஒலி கேட்டாலும் கேட்காவிட்டாலும், 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் உண்கிறது. அஃதாவது ஏறத்தாழ 16 வாட். கிட்டத்தட்ட ஐயாயிரத்தில் ஒரு பங்கே காதுக்குப் போகிறது. மற்றதெல்லாம் அறையின் வெப்பம். நம் கரிசல் காட்டுச் சித்திரை மாதத்தில் அந்த வெப்பத்தை விலை கொடுத்து வாங்குவதா என்று வீட்டுப் பெண்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது! கைப்பேசியில் செருகும் சிறிய மாற்றிகள் பலவும் இந்த 1 வோல்ட்டைத் தந்துவிடுகின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஹெட்போனின் ஓம் எண்ணைப் பார்க்காமல் வாங்குவோரே பெரிதும் ஏமாறுகிறார்கள். வெளியீட்டு மின்மாற்றி இல்லாத வால்வுக் கருவிகளுக்கு உள்தடை அதிகம். 120 ஓம் உள்தடையுள்ள கருவியில் 300 ஓம் ஹெட்போனைச் செருகினால் தாழ்ந்த ஒலிகள் ஏறக்குறைய ஒரு டெசிபல் உயரும்; குரல் சற்றுக் கனமாகத் தோன்றும். பலர் வியக்கும் 'வால்வுச் சுவை'யில் ஒரு பங்கு இதுவே. அதே கருவியில் 32 ஓம் ஹெட்போனைச் செருகினால் மின்னழுத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு கருவிக்குள்ளேயே தங்கிவிடும். கிடைப்பது தொளதொளத்த ஒலிதான். இத்தகைய ஹெட்போன் வைத்திருப்பவர் அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.

இசைக்கருவிகளைப் பற்றிய மார்க்கச் சட்டத்துக்குள் இங்கே நான் நுழையவில்லை. கிராஅத்தும் பயானும் இஸ்லாமியப் பாடலும் கேட்போரை மனத்திற்கொண்டே எழுதுகிறேன். எகிப்தின் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ (ரஹ்) அவர்கள் திருக்குர்ஆனை முழுமையாக ஓதிய ஒலிப்பதிவு 1961இல் வானொலியில் ஒலித்தது. மக்ரஜ் கற்கும் மாணவனுக்கு அது ஒரு பொக்கிஷம். ஸீனுக்கும் ஸாதுக்கும் உள்ள வேறுபாட்டை அவன் கேட்டுணர வேண்டும். அதற்குத் தேவை நல்ல பிரதியும், காதில் ஒழுங்காகப் பொருந்தும் ஹெட்போனும். வால்வு அதில் எதையும் கூட்டாது. 1925இல் பிறந்து 2015இல் மறைந்த நாகூர் ஹனீபா அவர்களின் பாடல்களும் அப்படியே. ஒலிபெருக்கியே வேண்டாத வெண்கலக் குரல் என்று பெயர் பெற்றவர் அவர். நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுத்துத் தேய்ந்துபோன பிரதியை எத்தனை வால்வுகளின் வழியே செலுத்தினாலும், பதிவில் இல்லாத கம்பீரம் திரும்பி வராது. பணம் இருந்தால் முதலில் நல்ல பதிவைத் தேடுங்கள்; அடுத்து ஹெட்போன்; கருவி கடைசியில்தான்.

செவியைக் குறித்தும் பார்வையைக் குறித்தும் இதயத்தைக் குறித்தும் மறுமையில் விசாரணை உண்டு என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயம் எச்சரிக்கிறது. வீண் விரயத்தைக் கண்டிப்பதும் அதே அத்தியாயமே. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரமே. அதே கணக்கை நீட்டினால், மேலே சொன்ன 103 டெசிபலுக்கு வாரம் முழுவதற்குமாகக் கிடைப்பது ஏறத்தாழ 12 நிமிடங்கள்! வால்வின் இனிமை உறுத்தாமல் இருப்பதால், ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது அறியாமல் நிகழ்கிறது. கேட்கும் நரம்பு இழந்ததை எந்தக் கருவியும் மீட்டுத் தராது.

கடனில்லாதவர், 300 ஓம் ஹெட்போன் உள்ளவர், சாயத்தை விரும்பி வாங்குகிறார் என்றால் தடுக்க நான் யார்? ஆனால் நம் ஊர் மின்சாரத்தை மறக்க வேண்டாம். 230 வோல்ட் 180ஆக இறங்கினால் 6.3 வோல்ட் இழைக்கு 4.9 வோல்ட்டே கிட்டும். 260ஆக ஏறினால் 7.1. இரண்டும் வால்வின் ஆயுளைக் குறைக்கும். ஆதலால் ஸ்டெபிலைசர் அவசியம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் கருவியின் பின்புறத்தில் 110 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே செருகுங்கள். எரியும் வால்வைக் குழந்தைகள் தொட்டால் கை வெந்துவிடும். கருவிக்குள் இருப்பதோ நூற்றுக்கணக்கான வோல்ட். சுவிட்சை அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். மூடியைத் தாமே கழற்றிப் பார்க்கும் ஆர்வம் கூடாது.

பரணில் பாட்டனார் காலத்து வால்வு ரேடியோ இருக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. ஆசைப்பட்டு அதை நேராக மின்சாரத்தில் செருகாதீர்கள். மின்தேக்கிகள் காய்ந்து போயிருக்கும், வெடிக்கவும் கூடும். விவரமறிந்த பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். அதிலுள்ள வால்வுகளை ஹெட்போன் கருவிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். 6080க்கு எட்டுக் கால். அந்த ரேடியோக்கள் பலவற்றின் வால்வுகளுக்கு ஒன்பது.