லோடு வண்டியின் பிரேக் பைப்: எந்த நட், எந்த டூல்?

சரக்கு ஏற்றிவரச் சொந்தமாகக் 'குட்டி யானை'யோ சிறு வேனோ வைத்திருக்கும் வணிகப் பெருமக்கள் நம் ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் பலர் உண்டு. கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகவும், திருச்சியிலிருந்து அரியலூர் வழியாகவும் சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே இவ்வண்டிகள் ஓடுகின்றன. தராசுக்கும் எடைக்கல்லுக்கும் தவறாமல் முத்திரை வைக்கும் நாம், வண்டியின் அடியில் ஓடும் பிரேக் பைப்பைக் குனிந்து பார்ப்பது அபூர்வம்.

மளிகை வண்டிக்கு இதில் தனித் தொல்லை உண்டு. உப்பு மூட்டையிலிருந்து கசியும் நீர் இடுக்கு வழியே சொட்டி, கிளிப் மாட்டிய இடங்களில் தங்கி, இரும்பு பைப்பை அரித்துவிடும். கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவுதான். பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது இந்த பைப்புக்குள் 1000 பவுண்டுக்கு மேல் ஏறும். அரித்த இடம் அப்போதுதான் வெடிக்கும்.

பைப்பை மாற்றும்போது முக்கியமானது அதன் முனை. முனையை விரித்து, நட்டைக் கொண்டு இறுக்குவதே 'பிளேர்'. இதில் மூன்று வகை. புனல் வாய்போல் ஒரே மடிப்பாக விரிப்பது சிங்கிள் பிளேர். பிரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக்குகளின் டூல் அடிப்பது இதைத்தான். பிரேக்குக்கு இது ஆகவே ஆகாது. விரிந்த விளிம்பு மெலிந்து கீறல் விடும். வேட்டி ஓரத்தை மடித்துத் தைப்பதுபோல் விளிம்பை உள்ளே மடித்து இரட்டிப்பாக்குவது டபுள் பிளேர். காளான் தலைபோல் உருட்டுவது பபிள் பிளேர். பின்னிரண்டும் பிரேக்குக்கு உரியவை. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் டபுளும், ஐரோப்பிய வண்டிகளில் பபிளும் பெரும்பாலும் காணப்படும்.

நட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. 10 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் மரை கொண்ட நட்டும், அங்குலத்துக்கு 24 மரை கொண்ட பழைய 3/8 அங்குல நட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிப் போட்டால் முதல் சில சுற்று போகும். பிறகு இறுகிச் சிலிண்டரின் மரையையே தின்றுவிடும், அல்லது தளர்வாக நின்று கசியும். மரை சரியாக இருந்தாலும் பிளேர் வகை சரி என்று ஆகாது. ஆகவே பழைய பைப்பை நட்டோடு கழற்றி, கடையில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குவதே உத்தமம்.

பைப் பெரும்பாலும் 4.75 மில்லிமீட்டர், அதாவது 3/16 அங்குலம். பிரேக்குக்கென விற்கும் இரும்பு பைப், அல்லது துருவைத் தாங்கும் செம்பு-நிக்கல் பைப் வாங்கலாம். வெறும் செம்பு பைப் மலிவு, வளைக்கச் சுலபம். ஆனால் அதிர்வில் இறுகி வெடிக்கும். வெடித்த இடத்தில் பற்றவைப்பதும், தண்ணீர் பைப்புக்கான வளைய இணைப்பைப் போட்டு ஒட்டுவதும் வண்டியை மீண்டும் ஓட்டுவதற்கான வழியல்ல. பாதியில் வெட்டி இணைக்காமல் முழு நீளத்தையும் மாற்றச் சொல்லுங்கள்.

டூலை நாம் வாங்க வேண்டியதில்லை. ஒர்க்ஷாப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டால் போதும். ஹேக்ஸா பிளேடால் அறுத்தால் வாய் கோணும், தூள் உள்ளே போகும். சிறு பைப் கட்டரால் வெட்டி, பிசிறு எடுத்து, நட்டை முதலில் கோத்துவிட்டுத்தான் பிளேர் அடிக்க வேண்டும். (அடித்தபின் நட் நினைவுக்கு வந்து மறுபடி வெட்டும் மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் உண்டு!) டபுள் பிளேருக்கு அளவுக்கேற்ற அச்சுத் துண்டுகள் உள்ள செட் தேவை. விலை குறைந்த செட்டில் பைப் வழுக்கிக் கோணலாக மடிவதுண்டு. தேறிய முனை நான்கு புறமும் ஒரே அகலமாக, கீறலின்றி இருக்கும். நட்டின் பெரும்பாலான பக்கங்களைப் பற்றும் பிளேர் நட் ஸ்பானர் இல்லாவிட்டால் மூலை மழுங்கும்.

வண்டி விவரம் பதிவுச் சான்றுக்கு மாறுபடும்படி மாற்றம் செய்வதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. பழுதான பைப்பை அதே வகையில் மாற்றுவது வேறு. பாடியை நீட்டுவதற்காகப் பிரேக் பாதையைத் திருப்புவது வேறு. பின்னதைச் செய்யுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வேலை முடிந்து ஏர் எடுத்தபின், இஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்லக் கீழிறங்கினால் எங்கோ கசிகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த காகிதத்தை ஒற்றிப் பார்த்துவிட்டு, முதலில் காலி வண்டியாக ஓட்டுங்கள். மறுநாள் சரக்கோடு ஓட்டியபின் மீண்டும் காகிதம் ஒற்றுங்கள்.