படகில் போனவர்கள் ஊர் திரும்ப

நெடுந்தீவிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ படகேறி இராமேஸ்வரம் போன உங்களுக்கு, போன வழியாலேயே திரும்பினால் என்ன என்று தோன்றலாம். வேண்டாம். 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் பாக்கு நீரிணையில் எல்லைக்கோடு வகுத்தது. ஆவணமின்றி அதைக் கடப்பது இரு நாடுகளிலும் குற்றம். கச்சதீவுத் திருவிழாவுக்குக் கடவுச்சீட்டுக் கேட்பதில்லையே என்பீர்கள். அந்தச் சலுகை யாத்திரிகர்களுக்கு மட்டும்.

இந்தியாவோ இலங்கையோ 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் ஒப்பமிடவில்லை. ஆகவே கையிலுள்ள பத்திரங்களே உங்களுக்குத் துணை. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பயண ஆவணமும், இந்திய அதிகாரிகளிடம் வெளியேறும் அனுமதியும் பெறுங்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதிந்து, குடியுரிமைக்கும் விண்ணப்பியுங்கள். இதை ஊருக்கு வந்தபின் பார்க்கலாம் என்று விட்டவர்கள், பிள்ளையின் அடையாள அட்டைக்காக அலைகிறார்கள்.

2025 மே மாதம், முறைப்படி திரும்பிய முதியவர் ஒருவர், முன்பு கடவுச்சீட்டின்றி வெளியேறியதற்காகப் பலாலி விமான நிலையத்தில் கைதானார். எனவே நீங்கள் எப்படிப் போனீர்கள் என்பதை மறைக்காமல், புறப்படுமுன்பே ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்திடம் சொல்லி ஆலோசனை கேளுங்கள்.

வந்ததும் உங்கள் கிராம அலுவலரிடம் பதியுங்கள். நயினாதீவார் போகவேண்டியது வேலணைப் பிரதேச செயலகத்துக்கு. ஊர்காவற்றுறைக்கும் நெடுந்தீவுக்கும் தனித்தனிச் செயலகங்கள் உண்டு.