சேமித்த பயறும் போஞ்சி விதையும்: பூஞ்சணத் தடுப்பில் மணவெண்ணெயின் பயன்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்கின்றது. மழை ஓய்ந்த வேளையிலும் பனிமூட்டம் மலையை விட்டு எளிதில் நீங்குவதில்லை. தேயிலைக்கு உகந்த இவ்வீரலிப்பு, வீட்டிற் சேமித்த பயறு, கௌபி, உழுந்து, போஞ்சி விதை ஆகியவற்றிற்குப் பகையாகும். நன்கு காய்ந்த மணியும் திறந்த பாத்திரத்தில் இருந்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; பின்னர் அதன்மேற் பூஞ்சணம் படரும். அடுத்த போகத்திற்கென வைத்த போஞ்சி விதை இவ்வாறு கெட்டால் முளைப்புக் குன்றும். உணவுக்கு வைத்த பயறு கெட்டாலோ நட்டத்துடன் நோயும் வரலாம்.

பூஞ்சணத்தால் வரும் கேடு

சேமிப்பிற் கேடு விளைப்பவற்றுள் அஸ்பேர்ஜிலஸ், பெனிசிலியம் என்னும் இரு இனங்கள் முக்கியமானவை. பெனிசிலியம் குளிரிலும் வளர வல்லது. அஸ்பேர்ஜிலஸ் பிளேவஸ் என்பது அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கை உண்டதே காரணமென ஆராய்ச்சியிற் கண்டனர். 1974இல் மேற்கிந்தியாவிற் பூஞ்சணம் பிடித்த சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் ஈரல் நோயால் இறந்தனர். இந்நஞ்சு சாதாரணச் சமையலில் அழிவதில்லை. ஆகையாற் பூஞ்சணம் பிடித்த பயற்றைக் கழுவியும் வறுத்தும் உண்ணலாம் என்று எண்ணுதல் தவறு.

மணவெண்ணெய் செயற்படும் விதம்

தேங்காயெண்ணெய் போன்றவை ஆவியாகாத எண்ணெய்கள். இவற்றை ஒரு கிலோ வித்திற்கு 5 மில்லிலீற்றர் வீதம் பூசினால் பயறு துளைக்கும் வண்டு பெருகாது. வண்டு துளைத்த மணியிற் பூஞ்சணம் எளிதிற் புகுமாதலால் இதுவும் ஒரு காவலே. எனினும் இப்பூச்சு பூஞ்சணத்தை நேரே தடுப்பதன்று.

மணவெண்ணெய் வேறு வகையினது. இலை, பட்டை, மொட்டு முதலியவற்றிலிருந்து நீராவியால் வடித்தெடுக்கப்படும் இவ்வெண்ணெய் காற்றில் ஆவியாகும். அவ்வாவி மணிகளுக்கிடையே பரவிப் பூஞ்சணத்தின் கலச்சுவரை அடுத்துள்ள மென்றகட்டைச் சிதைக்கின்றது. இலங்கையின் தென்பகுதியில் வடிக்கப்படும் கறுவா இலையெண்ணெயிலும், கராம்பெண்ணெயிலும் யூஜினோல் என்னும் பொருள் மிகுதியாக உண்டு. எலுமிச்சைப்புல் எண்ணெயிற் சித்திரால் மிகுதி. காசி இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் இத்தகைய எண்ணெய்கள் பலவற்றைச் சோதித்து, அவை பூஞ்சணத்தையும் அதன் நஞ்சையும் தடுக்கக் கூடியன எனக் கண்டுள்ளனர். மலைநாட்டில் எளிதிற் கிடைக்கும் யூக்கலிப்டஸ் எண்ணெய் இவற்றினும் வலிமை குறைந்தது.

ஆயினும் ஆவி நீங்கியதும் காவலும் நீங்கும். ஈரமான மணியை எந்த எண்ணெயும் நெடுங்காலம் காவாது. எனவே உலர்த்தலே முதல் வேலை. மணவெண்ணெய் அதற்குத் துணை.

செய்ய வேண்டியவை

1. உடைந்த, சுருங்கிய, வண்டு துளைத்த மணிகளைப் பொறுக்கி நீக்குக.

2. சுத்தமான சாக்கிலோ பாயிலோ மெல்லிதாய்ப் பரப்பி உலர்த்துக. வெறுந்தரையில் உலர்த்தலாகாது. மழைக்காலத்திற் போஞ்சி நெற்றுக்களை அடுப்பிற்கு உயரே, அனல் நேரே தாக்காதபடி தொங்கவிடுக.

3. உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் ஒரு பிடி மணியும் வறுத்து ஆறவைத்த சிறிது உப்பும் இட்டுக் குலுக்குக. உப்பு போத்தலின் உட்புறத்தில் ஒட்டினால் ஈரம் நூற்றுக்கு 15 வீதத்திற்கு மேல் உள்ளது. ஒட்டாவிடினும் மேலும் உலர்த்துக. ஈரம் 12 வீதத்திற்கு மேற்படாதிருத்தல் நன்று.

4. நன்கு ஆறிய பின்னர், இறுகிய மூடியுள்ள தகரத்தில் அல்லது போத்தலில் வாய்வரை நிரப்புக. பசளையும் கிருமிநாசினியும் இருந்த பைகளை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

5. பாத்திரத்தை லயன் அறையின் சுவரோடும் நிலத்தோடும் ஒட்டாமற் பலகைமேல் வைத்து, இரு வாரங்களுக்கு ஒருமுறை பார்வையிடுக.

மணவெண்ணெயைச் சோதித்தல்

முதலில் நடுகைக்குரிய விதையில், சிறிய அளவிற் சோதித்தல் வேண்டும். ஒரே அளவான இரு போத்தல்களில் ஒரே விதையை நிரப்புக. ஒன்றின் மூடிக்குக் கீழே, கறுவா இலையெண்ணெய் சில துளிகள் இட்ட பஞ்சைச் சிறு துணியில் முடிந்து வைக்க. மற்றதில் எதுவும் இட வேண்டாம். ஒரு மாதத்தின் பின் இரண்டிலும் நூறு நூறு விதைகளை ஈரத்துணியிற் சுற்றி, ஏழு நாளில் முளைத்தவற்றை எண்ணுக. எண்ணெயின் அளவு மிகுந்தால் முளையும் கெடுமாதலால் இவ்வொப்பீடு இன்றியமையாதது. எண்ணெயிட்ட விதையின் முளைப்பு குறையாதிருந்தால் மட்டும் எஞ்சிய விதைக்கு அம்முறையைக் கையாளுக.

கலப்பில்லாத மணவெண்ணெய் தோலையும் கண்ணையும் எரிக்கும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க. உணவுக்குரிய பயற்றில் அதன் மணமும் கார்ப்பும் ஏறுமாதலால், அதற்கு உலர்த்தலும் இறுக மூடலுமே ஏற்றவை.

பூஞ்சணம் கண்ட பயற்றை மாட்டிற்கும் கோழிக்கும் இடாது மண்ணிற் புதைத்துவிடுக. சனவரி முதல் மார்ச் வரை கிடைக்கும் வெயிலைத் தவறாது பயன்படுத்திச் சேமித்தவற்றை உலர்த்திக்கொண்டால், மழை தொடங்குமுன் வீட்டுணவும் அடுத்த போக விதையும் பாதுகாப்பாயிருக்கும்.