சாயத் தண்ணீரும் நம் விசுவாசமும்

நம் காஞ்சிபுரத்தில் சாயமிடுமுன் பட்டுநூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசையை எடுப்பார்கள். அந்தத் தண்ணீரும் சாயக் கழிவும் ஊர்ச் சாக்கடையோடு சேர்ந்து வேகவதி ஆற்றைக் கெடுத்துவிட்டன. (சாயக்காரரை மட்டும் குறை சொல்லேன், கலியாணப் பட்டு நம் வீடுகளிலும் உண்டு.) இது சபையின் காரியமா என்று சிலர் கேட்கிறார்கள்.

ஆயுதம் எடுக்க மறுக்கிற ஜனமாகிய மெனோனைட் சபையாரைப் பாருங்கள். 1899-இல், பஞ்ச காலத்தில், மத்திய இந்தியாவின் தம்தரியில் ஊழியம் தொடங்கினார்கள். பின்பு ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். அவர்களுடைய வட அமெரிக்கச் சபைகள் 2005-இல் சிருஷ்டிப்பைப் பேணுவதற்கென்றே ஓர் ஐக்கியத்தை அமைத்தன. மண்ணையும் நீரையும் காப்பது அவர்களுக்குச் சமாதான ஊழியமே. ஆதாமுக்குக் கிடைத்த முதல் வேலையும் அதுதானே (ஆதி. 2:15).

பக்கத்துப் பாலாற்றைத் தோல் பதனிடும் கழிவு பாழாக்கிய வழக்கில், கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைப் போட்டவர்கள் அதிகாரிகள் அல்ல, வேலூர் ஊர் ஜனங்கள்.